இரண்டு மணி நேரக்காரரின் ஷூவும் ஐந்து மணி நேரக்காரரின் காலும்

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்த கையோடு ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி பயிற்சியைப் பற்றி இருப்பதில்லை. "சார், ஹாஃபுக்கு எந்த ஷூ வாங்கலாம்?" என்பதுதான். கோட்டூர்புரம் பாலம் ஏறி, போட் கிளப் சாலையின் மரங்களுக்கடியில் ஒரு சுற்றுப் போட்டு, திரும்பிவந்து அண்ணா நூற்றாண்டு நூலகம் வழியாகக் காந்தி மண்டபம் சாலையில் ஓடுகிற எங்கள் சின்னக் கூட்டத்தில் ஆண்டுதோறும் செப்டம்பர் வாக்கில் இந்தக் கேள்வி வந்துவிடும். டென் கே (10 கிலோமீட்டர்) ஓடுகிறவருக்கு ஒரு ஷூ, ஹாஃபுக்கு (அரை மாரத்தான்) ஒன்று, ஃபுல்லுக்கு (முழு மாரத்தான்) இன்னொன்று என்று கடையிலும் பிரித்துத்தான் காட்டுகிறார்கள். விளம்பரமும் அப்படியே சொல்கிறது.

இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு உண்மை, சென்னையில் ஓடுகிறவருக்கு அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இங்கே பார்க்கப்போகிறேன். பல ஆண்டுகள் ஓடியும் படித்தும் நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷூவைத் தூரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அந்தத் தூரத்தை ஓடி முடிக்க நமக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2023 அக்டோபரில் சிகாகோவில் கென்யாவின் கெல்வின் கிப்டம் 42.195 கிலோமீட்டரை 2 மணி 35 விநாடியில் ஓடினார். அலுவலகம் போகும் முன் ஓடிப் பழகி, முதல் ஃபுல்லில் கால் வைக்கும் நம்மூர்க்காரர் ஒருவருக்கு அதே தூரத்துக்கு ஐந்து மணி நேரம் ஆவது சாதாரணம். கிப்டம் முடித்து நிற்கும் நேரத்தில் நம்மவர் பதினேழாவது கிலோமீட்டரில் இருப்பார். நிமிடத்துக்கு 160 அடி என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து மணி நேரத்தில் 48,000 அடி. அவ்வளவு முறை கால் தரையில் இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போல இரண்டிலிருந்து மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. கிப்டமைப் போன்றவருக்கு அடிகள் இதில் பாதிக்கும் குறைவு. அப்படிப்பட்டவர் கடைசிவரை ஏறத்தாழ ஒரே லயத்தில் ஓடுவார். நம்மவர் முப்பதாவது கிலோமீட்டருக்கு மேல் குதிகாலை இழுத்து வைப்பார், கொஞ்சம் நடப்பார், மறுபடி ஓடுவார். 'மாரத்தான் ஷூ' என்று விற்கப்படுவது பெரும்பாலும் முதலாமவரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தூரத்துக்கொரு ஷூ என்பது தடகளத்தில் பழைய விஷயம். 100 மீட்டர் ஓடுகிறவரின் ஸ்பைக்ஸில் குதிகாலுக்கு அடியில் அநேகமாக எதுவும் இருக்காது. குதிகால் தரையைத் தொடப்போவதில்லை என்பதால் அங்கே மெத்தைக்கு வேலை இல்லை. 5,000, 10,000 மீட்டர் ஸ்பைக்ஸில் கொஞ்சம் இருக்கும். சாலை ஓட்டத்தில் கணக்கு இன்னும் எளிமையாக இருந்தது: பயிற்சிக்குக் கனமான ஷூ, பந்தயத்துக்கு மெல்லிய, லேசான ஷூ. ஒவ்வொரு காலிலும் 100 கிராம் எடை கூடினால் ஓடுவதற்குச் செலவாகும் சக்தி ஏறத்தாழ 1 சதவீதம் கூடும் என்பது 1980களிலிருந்து பலமுறை சோதிக்கப்பட்டது. எனவே லேசாக்கினார்கள், லேசாக்குவதற்காக மெத்தையைக் குறைத்தார்கள்.

2017 அந்தக் கணக்கைப் புரட்டிப்போட்டது. நைக்கி கொண்டுவந்த வேப்பர்ஃபிளை தடித்த அடிப்பாகம் கொண்டது, ஆனால் எடை குறைவு. காரணம் அதன் நுரை. பழைய ஷூக்களின் நடு அடுக்கு இ.வி.ஏ. எனும் நுரைப்பொருளால் ஆனது. அதை அமுக்கிவிட்டால், அமுக்கச் செலவிட்ட சக்தியில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் திருப்பித் தரும். அடிடாஸின் பூஸ்ட் நுரை நான்கில் மூன்று பங்கு தந்தது. வேப்பர்ஃபிளையின் பீபா வகை நுரை 87 சதவீதம் தந்தது. நடுவில் வளைந்த கார்பன் பிளேட் ஒன்றும் உண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தில் 18 வேகமான ஓட்டக்காரர்களை மணிக்கு 14, 16, 18 கிலோமீட்டர் வேகங்களில் ஓடவைத்துப் பார்த்தபோது, அன்றைய சிறந்த பந்தய ஷூக்களைவிடச் சராசரியாக 4 சதவீதம் சக்தி மிச்சமானது. பின்னாளில் அந்தப் பிளேட்டைக் குறுக்கே அறுத்துவிட்டு ஓடவைத்தும் சோதித்தார்கள். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வேலையின் பெரும்பகுதியைச் செய்வது நுரை என்று இதிலிருந்து தெரிந்தது. ஆனாலும் கடையில் இன்றும் 'கார்பன் பிளேட்' என்ற சொல்தான் விற்கிறது.

அதன்பின் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. 2019 அக்டோபரில் வியன்னாவில் எலியுட் கிப்சோகே, பந்தயமாக இல்லாமல் தனியே ஏற்பாடு செய்யப்பட்ட ஓட்டத்தில், மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் முடித்தார். 2020 ஜனவரி 31 அன்று உலகத் தடகள அமைப்பு விதி கொண்டுவந்தது: சாலைப் பந்தய ஷூவின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, பிளேட் ஒன்றுதான் இருக்கலாம். 2021 செப்டம்பரில் வியன்னா மாரத்தானில் முதலில் வந்த எத்தியோப்பியாவின் தெராரா ஹுரிசாவின் ஷூவை அளந்தபோது அது 50 மில்லிமீட்டர் இருந்தது. ஒரு சென்டிமீட்டரில் வெற்றி பறிபோனது. 2023 செப்டம்பரில் பெர்லினில் திகிஸ்ட் அசெஃபா 2 மணி 11 நிமிடம் 53 விநாடியில் பெண்களுக்கான உலகச் சாதனை படைத்தபோது அவர் காலில் இருந்த அடிடாஸ் ஷூவின் எடை 138 கிராம், விலை 500 டாலர்.

இந்தச் செய்திகளையெல்லாம் படித்துவிட்டு, கையில் காசும் இருக்கும் ஒரு மென்பொருள் ஊழியர் தன் முதல் ஹாஃபுக்குக் கார்பன் ஷூ வாங்குவதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்த 4 சதவீதம் யாருக்கு? சோதனையில் மிகக் குறைந்த வேகமே மணிக்கு 14 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஃபுல் ஓடினால் மூன்று மணி நேரத்தில் முடியும். சென்னையில் அப்படி ஓடுகிறவர்கள் சிலர்தான். ஆய்வாளர் டஸ்டின் ஜூபர்ட்டின் குழு 2023இல் இதே வகை ஷூவை மணிக்கு 12, 10 கிலோமீட்டர் வேகங்களில் சோதித்தது. கிடைத்த லாபம் முறையே 1.4 சதவீதம், 0.9 சதவீதம். அதுவும் சராசரிதான். சிலருக்கு அந்த ஷூவில் ஓடுவது கூடுதல் சிரமமாகவே இருந்தது. மணிக்கு 10 கிலோமீட்டர் என்றால் ஃபுல் நாலே கால் மணி நேரத்துக்குள் முடியும். ஐந்து மணி நேரக்காரரின் வேகம் அதற்கும் கீழே. அவருக்கு மிச்சமாவது அதிகம் போனால் இரண்டு மூன்று நிமிடம். தண்ணீர் மேசை அருகே நின்று குடிப்பதில் போய்விடும் நேரம் அது.

இன்னொரு பக்கமும் உண்டு. உயரமான, மிருதுவான, குதிகாலில் குறுகலான ஷூ வேகமாக ஓடும்போது நிலையாக நிற்கும். களைத்த காலோடு நடக்கும்போது கணுக்கால் உள்ளே வெளியே ஆடும். கார்பன் பிளேட் ஷூ அணிந்து ஓடியவர்களில் ஐந்து பேருக்குப் பாதத்தின் நடுவிலுள்ள படகெலும்பில் அழுத்த முறிவு ஏற்பட்டதை அமெரிக்க மருத்துவர்கள் 2023இல் பதிவு செய்தார்கள். ஐந்து பேரை வைத்து ஷூதான் காரணம் என்று தீர்ப்பெழுத முடியாது, அவர்களும் எழுதவில்லை. ஆனால் பழகாத காலுக்கு அதைத் திடீரென்று மாட்டுவது ஆபத்து என்ற எச்சரிக்கைக்கு அது போதும்.

ஆகவே ஒவ்வொரு தூரமாக என் கருத்து இது.

5 கிலோமீட்டர், டென் கே பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம், அல்லது அதற்குக் கொஞ்சம் கூட. தினமும் போட்டு ஓடுகிற ஷூவே போதும். டென் கேவை 45 நிமிடத்துக்குள் முடிக்கிறவர் மட்டும் லேசான பந்தய ஷூவைப் பற்றி யோசிக்கலாம். முதல் டென் கேவுக்கென்று புது ஷூ வாங்குகிற காசில் இரண்டு ஜோடி நல்ல சாக்ஸ் வாங்குவது மேல். பருத்தி சாக்ஸ் வேண்டாம். அது வேர்வையைக் குடித்து ஊறி, மடிந்து, கொப்புளம் போடும்.

ஹாஃப்தான் சென்னையில் பலர் முதலில் குறிவைக்கும் தூரம். முன்னாள் மேயர் மா. சுப்பிரமணியன் நூற்றுக்கும் மேற்பட்ட ஹாஃப் ஓடியதை இந்த ஊரில் பலரும் அறிவார்கள். ஜூலையில் நடக்கும் ட்ரீம் ரன்னர்ஸ் ஹாஃப், கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்த நிதி திரட்டுகிறது. 21.1 கிலோமீட்டரை இரண்டிலிருந்து மூன்று மணி நேரத்தில் முடிக்கிறவருக்கு முக்கியமானது முன்பாதத்தில் இடம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் கால் வீங்கும், அதுவும் ஜூலையின் புழுக்கத்தில் கேட்க வேண்டாம். காலையில் கச்சிதமாக இருந்த ஷூ பதினைந்தாவது கிலோமீட்டரில் விரல்களை நெருக்கத் தொடங்கும். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடிப்பவர் நல்ல நுரை கொண்ட, பிளேட் இல்லாத லேசான ஷூவுக்குப் போனால் பலன் தெரியும்.

ஃபுல்லுக்கும், சென்னை மாரத்தானில் அதற்கு முந்தைய படியாக வைத்திருக்கும் 32 கிலோமீட்டருக்கும் நான் வேகத்தைப் பற்றிப் பேசவே மாட்டேன். மூன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுப்பவர் தன் நீண்ட பயிற்சி ஓட்டங்களை எந்த ஷூவில் வலியில்லாமல் முடித்தாரோ அதே ஷூ, அதே மாடல், கொஞ்சம் புதியது. குதிகாலில் அகலமான அடி இருக்க வேண்டும், நடந்தாலும் நிலையாக இருக்க வேண்டும். 250, 280 கிராம் என்றால் பயப்பட வேண்டியதில்லை. 50 கிராம் குறைவதில் கிடைக்கும் அரை சதவீதத்தைவிட, 35ஆவது கிலோமீட்டரில் நொண்டாமல் இருப்பதில் கிடைக்கும் நேரம் பல மடங்கு.

இனி, தூரத்தைவிடவும் நேரத்தைவிடவும் முந்தி நிற்கும் ஒன்று: பாதம்.

நெடுங்காலமாகக் கடைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. பாத வளைவைப் பார்த்து, தட்டைப் பாதம் என்றால் உள்பக்கம் கடினமாக்கப்பட்ட ஷூ, வளைவு உயர்ந்த பாதம் என்றால் மெத்தென்ற ஷூ என்று கொடுப்பார்கள். அமெரிக்க ராணுவம், விமானப்படை, மரைன் படை மூன்றும் பயிற்சிக்கு வந்தவர்களில் ஒரு பாதிக்கு இப்படிப் பாதம் பார்த்தும் மறுபாதிக்குப் பார்க்காமல் ஒரே ஷூவும் கொடுத்துப் பார்த்தன. காயங்கள் குறையவில்லை. 2022இல் காக்ரேன் அமைப்பு 12 ஆய்வுகளை, 11,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தது. எந்த வகை ஷூ காயத்தைத் தடுக்கும் என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்பதே அதன் முடிவு. லக்சம்பர்கில் செய்த இரண்டு ஆய்வுகள் மட்டும் எனக்கு வழிகாட்டியாக இருக்கின்றன. ஒன்றில், 848 பேரில் கடினமான ஷூ கிடைத்தவர்களுக்குக் காயம் ஒன்றரை மடங்கு அதிகம். இன்னொன்றில், 264 பேரை 22 வாரம் கவனித்ததில், ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் 39 சதவீதம் குறைவு. கால்கரி பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக் பல ஆண்டுகள் ஆராய்ந்துவிட்டுச் சொன்னதும் எளிமையானது: காலுக்கு எது சுகமாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடு, உடம்புக்குத் தெரியும். நம் வீட்டுப் பெரியவர்கள் செருப்புக் கடையில் சொன்னதும் இதைத்தானே.

ஆனால் சுகமான ஷூ நமக்குக் கிடைக்கிறதா? இந்தக் கேள்விக்கான பதில் கோட்டூர்புரத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. காந்தி மண்டபம் சாலை போய்ச் சேரும் சர்தார் படேல் சாலையில் 1948இல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், நாமெல்லாம் சி.எல்.ஆர்.ஐ. என்று சொல்வது, இந்தியர்களின் பாதத்தை அளந்தது. 2021 டிசம்பருக்கும் 2022 மார்ச்சுக்கும் இடையில் நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவிகளால் பதிவு செய்தார்கள். நாம் இதுவரை பயன்படுத்துவது ஆங்கிலேயர் விட்டுச்சென்ற அளவுமுறையும் பிறகு வந்த ஐரோப்பிய, அமெரிக்க அளவுகளும்தான். கணக்கெடுப்பில் தெரிந்தது: நம் பாதம் அவர்களுடையதைவிட முன்பகுதியில் அகலம். அகலத்துக்கு இடம் வேண்டி நாம் ஒரு அளவு பெரிய ஷூவை வாங்குகிறோம், பிறகு அது கழன்றுவிடாமல் இருக்க லேஸை இறுக்கிக் கட்டுகிறோம். இதற்கு மாற்றாக அவர்கள் வகுத்த இந்திய அளவுமுறைக்குப் 'பா' என்று பெயர், பாரத் என்பதன் முதல் எழுத்து.

அகலம் பார்க்காமல் ஷூ வாங்குவதன் விலையை நான் கொடுத்திருக்கிறேன். முதல் ஃபுல்லுக்கு ஒரு பெரிய கடையில் பந்தய ஷூ வாங்கினேன். "ஓட ஓட விட்டுக்கொடுக்கும் சார்" என்றார் விற்பனையாளர், நான் நம்பினேன். பக்கவாட்டில் இறுக்கமாக இருந்தது தெரிந்தும் வாங்கினேன். 28ஆவது கிலோமீட்டரில் வலது பெருவிரல் நகத்துக்கடியில் ரத்தம் கட்டியது. நகம் கறுத்து, விழுந்து, முழுதாக வளர ஓராண்டுக்கு மேல் ஆனது. நுரை விட்டுக்கொடுக்கும், மேல்துணி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், ஆனால் ஷூவின் அடிப்பாகத்தின் அகலம் எந்தக் காலத்திலும் விட்டுக்கொடுக்காது.

அதற்குப் பிறகு வீட்டில் அளந்துகொண்டுதான் கடைக்குப் போகிறேன். சாயங்காலம், கால் நன்றாக விரிந்திருக்கும் நேரத்தில், சுவரோரம் ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு, குதிகால் சுவரைத் தொட எடை முழுவதையும் அந்தக் காலில் வைத்து நிற்கிறேன். வேறொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரைய வேண்டும். நாமே குனிந்து வரைந்தால் எடை மாறிவிடும். எனக்கு இடது கால் 262 மில்லிமீட்டர், வலது 258. அகலம் இரண்டும் 104. ஆக என் ஷூ இடது காலுக்கு வாங்கப்பட வேண்டியது. நீளத்தோடு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும், கட்டைவிரல் அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளமாக இருப்பவர்கள் அந்த விரலிலிருந்து அளக்க வேண்டும்.

பெட்டியின் ஓரத்தில் அகலத்துக்கும் குறி உண்டு, யாரும் பார்ப்பதில்லை. ஆண்கள் ஷூவில் 'டி' என்றால் வழக்கமான அகலம், '2ஈ' அகலம், '4ஈ' மிக அகலம். பெண்கள் ஷூவில் 'பி' வழக்கமானது, 'டி' அகலமானது. அகலப் பாதமுள்ள பெண்கள் ஆண்கள் ஷூவைப் போட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம். சென்னைக் கடைகளில் '2ஈ' கேட்டால் பெரும்பாலும் "ஆர்டர் போட்டுத்தான் வரணும்" என்கிறார்கள். செய்யாறு சிப்காட்டில் ஆயிரக்கணக்கான பெண்கள் நைக்கிக்காக ஷூ தைக்கிறார்கள். காலணித் தொழிலுக்கென்று தமிழ்நாடு அரசு 2022இல் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. உலகத்துக்கே ஷூ செய்துகொடுக்கும் மாநிலத்தில், இங்குள்ள பாதத்தின் அகலத்துக்கு ஷூ கடையில் இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. சி.எல்.ஆர்.ஐ.யின் அளவுகள் தோல் செருப்போடு நின்றுவிடாமல் ஓட்ட ஷூக்களுக்கும் வர வேண்டும்.

சென்னைக்கென்று இன்னொரு விஷயம் இருக்கிறது, வெளிநாட்டு வழிகாட்டிகள் எதிலும் இதைப் பார்க்க முடியாது. ஜனவரி மாரத்தானுக்கான மிக நீண்ட ஓட்டங்கள் விழுவது நவம்பரிலும் டிசம்பரிலும். அதாவது வடகிழக்குப் பருவமழையின் நடுவில். 28, 30 கிலோமீட்டர் ஓட வேண்டிய ஞாயிற்றுக்கிழமையில் கோட்டூர்புரத்தின் உள்தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றிருக்கிறது. மழை இல்லாத நாளிலும் வேர்வை காலில் வழிந்து ஷூவுக்குள் இறங்கி, பத்தாவது கிலோமீட்டரில் சாக்ஸைப் பிழிந்தால் சொட்டும். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறவருக்கு இன்னும் மோசம். எனவே இங்கே மேல்துணியில் காற்றோட்டமும், உள்ளே போன தண்ணீர் வெளியேறும் தன்மையும் வேண்டும். நீர்புகாத ஷூ என்று விற்பதை வாங்கவே கூடாது. கணுக்கால் வழியே புகுந்த தண்ணீர் அதற்குள்ளேயே தங்கிவிடும்.

பிடிப்பும் முக்கியம். பந்தய ஷூக்களில் எடை குறைக்க அடி ரப்பரைச் சுரண்டி மெல்லியதாக்கியிருப்பார்கள். ஈரமான ஜீப்ரா கோட்டின் பெயின்டிலும், சாக்கடை மூடியின் இரும்பிலும், நடைபாதையில் பதித்த வழுவழுப்பான கற்களிலும் அது சறுக்கும். கடையில் ஷூவைத் திருப்பிப் பார்த்து, குதிகாலின் வெளி ஓரத்திலும் முன்பாதத்திலும் ரப்பர் இருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வெறும் நுரை என்றால் மழைக்காலத்துக்கு ஆகாது.

மழைக்காலத்தில் இரண்டு ஜோடி என்பது ஆடம்பரம் இல்லை. ஞாயிறு நனைந்த ஷூ செவ்வாய் காலைக்குள் இங்கே காயாது. உள்ளட்டையை வெளியே எடுத்து, செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, இரண்டு மணி நேரத்துக்கொரு முறை தாளை மாற்றி, மின்விசிறிக்கடியில் வைக்க வேண்டும். மொட்டைமாடி வெயிலில் வைத்தால் பசை விட்டுப்போகும். இரண்டு ஜோடி இருந்தால் காய நேரம் கிடைக்கும், லக்சம்பர்க் ஆய்வு சொன்ன பலனும் கூடவே கிடைக்கும். இரண்டும் ஒரே மாடலாக இல்லாமல் ஒன்று மெத்தையாகவும் ஒன்று கொஞ்சம் கடினமாகவும் இருப்பது நல்லது. தட்டையான சென்னையில் ஏற்றம் என்று சொல்ல எங்களுக்குக் கோட்டூர்புரம் பாலம் ஒன்றுதான். ஒரே மாதிரித் தரையில் ஒரே மாதிரி அடி விழுந்துகொண்டே இருக்கும் காலுக்கு ஷூவாவது மாறட்டும்.

வெறுங்காலைப் பற்றிச் சொல்லாமல் தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு முழுமையாகாது. பள்ளி விளையாட்டு விழாக்களில் ஷூ இல்லாமல் ஓடி ஜெயிக்கும் பிள்ளைகளை இன்றும் பார்க்கிறோம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அபேபே பிகிலா, கொடுத்த ஷூ காலுக்கு ஒத்துவராததால் வெறுங்காலோடு ஓடி 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் தங்கம் வென்றார். 1964 டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி இன்னும் மூன்று நிமிடம் குறைத்தார். நம் நாட்டில் சிவ்நாத் சிங் வெறுங்காலில் ஓடிப் பழகியவர். 1978இல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் தேசிய சாதனையாக நின்றது. சிறுவயதிலிருந்தே வெறுங்காலில் ஓடியவருக்கு அது இயல்பு. நாற்பது வயதுவரை அலுவலக ஷூவில் இருந்த கால் ஒரே மாதத்தில் அதற்கு மாறினால் கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாணும் தாங்காது. விருப்பமிருந்தால் கோட்டூர்புரம் மரப்பூங்காவின் மண்பாதையிலோ கடற்கரை மணலிலோ வாரம் இரண்டு முறை பத்து நிமிடம் வெறுங்காலில் நடந்து தொடங்கலாம். பந்தயத்துக்கு அதை நம்பிப் போக ஓராண்டாவது ஆகும்.

விலை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஓட்ட ஷூ மூவாயிரம் ரூபாய்ச் சொச்சத்தில் தொடங்கி இருபதாயிரத்தைத் தாண்டிப் போகிறது. சாதாரண ஷூ 500இலிருந்து 800 கிலோமீட்டர் உழைக்கும். பந்தய நுரை அவ்வளவு உழைக்காது, வெளியே பார்க்கப் புதிதாக இருக்கும்போதே துள்ளல் போய்விடும். வாரம் 40 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு ஒரு ஜோடி மூன்றிலிருந்து ஐந்து மாதம். சென்ற ஆண்டு மாடல் பாதி விலைக்கு வந்தால் வாங்குங்கள், பெரும்பாலும் மாறியிருப்பது நிறம்தான். ஆனால் தள்ளுபடியில் நான்கு ஜோடி வாங்கிப் பரணில் போடாதீர்கள். சென்னையின் ஈரக்காற்றில் போடாத ஷூவும் கெடும், மூன்றாம் ஆண்டு எடுத்தால் அடிப்பாகம் கையோடு வரும். எல்லோருக்கும் இருபதாயிரம் செலவழிக்க வசதி இருப்பதில்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. நாலாயிரம் ரூபாய் ஷூவில் நாலரை மணி நேரத்தில் ஃபுல் முடித்தவர்கள் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

இந்த ஜனவரிக்குப் பெயர் கொடுத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. பந்தயத்தன்று போடப்போகும் ஜோடியை நவம்பர் கடைசிக்குள் வாங்கிவிடுங்கள். சாயங்காலம் போங்கள், ஓடும்போது போடும் சாக்ஸையும் காலை வரைந்த தாளையும் எடுத்துப்போங்கள். ஷூவின் உள்ளட்டையை வெளியே எடுத்து அந்தத் தாளின் மேல் வையுங்கள். பாதத்தின் கோடு எந்தப் பக்கத்திலாவது அட்டைக்கு வெளியே தெரிந்தால், அது எந்தச் சாதனையாளர் போட்ட ஷூவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிடித்துப்போன ஜோடியில் டிசம்பர் முடிவதற்குள் ஐம்பது கிலோமீட்டராவது ஓடுங்கள், அதில் ஒன்று நீண்ட ஓட்டமாக இருக்கட்டும். பந்தயத்துக்கு முந்தைய சனிக்கிழமை நடக்கும் கண்காட்சியில் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும், மறுநாள் போட்டு ஓடுவதற்காக அங்கே ஷூ வாங்காதீர்கள்.